வேட்டி மடிப்புல பிஸ்டல் நிக்குமா?

முதல்ல ஒரு சட்ட விஷயம் சொல்லிடறேன், ஏன்னா என் நண்பர்கள்ல பாதிப் பேர் இதை நம்பல. இந்தியாவுல லைசன்ஸ் இருக்கிற ஒரு சாதாரண ஆள் கைத்துப்பாக்கியோட வெளியில போகணும்னா, அதை மறைச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும். அமெரிக்க யூடியூப் சேனல் பார்க்கிறவங்களுக்கு 'கன்சீல்டு கேரி'ன்னா ஒரு தனி உரிமை, சில மாநிலங்கள்ல அதுக்குன்னு தனி பர்மிட். நம்ம ஊர்ல அது கடமை. 2016-ல வந்த ஆயுத விதிகள் தெளிவா சொல்லுது: பொது இடத்துல கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டர்ல உடம்போட சேர்ந்து இருக்கணும், இல்ல அதுக்கு ஏத்த பையில இருக்கணும். முழுசா மூடியிருக்கணும். வச்சிருக்கிறவரோட முழு கட்டுப்பாட்டுலயும் இருக்கணும். எடுத்துக் காட்டினாலோ, ஆட்டினாலோ, கல்யாண வீட்டுல மேல பார்த்துச் சுட்டாலோ குற்றம். கொண்டாட்டத்துல சுடுறதுக்கு 2019 திருத்தத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு தனியாவே சேர்த்துட்டாங்க.

சரி, மறைச்சு வைக்கணும்னா சின்னதா, தட்டையா ஒண்ணு வேணும். எது? தேடிப் பார்த்தா கிளாக் 43, சிக் சாவர் பி 365ன்னு வரிசையா வரும். எல்லாமே 9 எம்எம். எல்லாமே நமக்கு இல்ல.

இதுக்குப் பின்னாடி ஒரு பழைய பயம் இருக்கு. ராணுவமும் போலீசும் போடுற தோட்டா, தனி ஆள் கையில இருக்கிற துப்பாக்கிக்குள்ள நுழையக்கூடாது. திருடினாலும் உபயோகப்படக்கூடாது. வெள்ளைக்காரன் காலத்துல தொடங்கின இந்த யோசனை அப்படியே 1959 ஆயுதச் சட்டத்துக்கும் அதோட விதிகள்ல இருக்கிற அட்டவணைக்கும் வந்துடுச்சு. .380, .455, சர்வீஸ் 9 எம்எம், .45, இந்தத் தோட்டாக்கள் போடக்கூடிய பிஸ்டலும் ரிவால்வரும் சாதாரண லைசன்ஸ்ல வராது. அப்போ மிச்சத்துல முக்கியமானது என்ன? .32. அதாவது 7.65 எம்எம். நம்ம நாட்டுல வியாபாரி, டாக்டர், காண்ட்ராக்டர், முன்னாள் ராணுவத்தினர்னு இடுப்புல வச்சிருக்கிறவங்க பெரும்பாலும் இதைத்தான் வச்சிருக்காங்க. 9 எம்எம் தோட்டாவோட சக்தியை ஒரு ரூபாய்னு வச்சா, .32 பிஸ்டல் தோட்டா நாப்பது காசுக்கும் கீழ.

இதெல்லாம் நான் படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் தாய்மாமா. செந்துறைப் பக்கம் முந்திரி வியாபாரம். அரியலூர்னு சொன்னா சென்னையில இருக்கிறவங்களுக்கு சிமெண்ட் ஃபேக்டரி ஞாபகம் வரும், கொஞ்சம் படிச்சவங்களுக்கு டைனோசர் ஃபாசில் ஞாபகம் வரும். ஆனா செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் முந்திரிக்காடுதான். சீசன்ல மாமா காலையில பணத்தை எடுத்துட்டுக் கிளம்பி, ஊர் ஊரா போய் கொட்டை எடை போட்டு வாங்கி, கையில காசு கொடுத்துட்டு வருவார். நிறைய பேருக்கு இன்னும் கையில காசு கொடுத்தாத்தான் வியாபாரம். இருட்டினப்புறம் திரும்பும்போது ரெண்டு பைக்ல நாலு பேர் வழிமறிச்சு, பையைப் பிடுங்கி, அரிவாளைத் திருப்பி அவர் தோள்ல ஒரு அடி. எலும்பு உடையல. பணம் போச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் அவர் தனியா அந்த ரோட்டுல வண்டி ஓட்டல.

ஒரு நாள் ராத்திரி போன் பண்றார். "மாப்ள, நீதான் நெட்ல எல்லாம் பாக்குறியே. சின்னதா, இடுப்புல சொருகுற மாதிரி பிஸ்டல் எதுடா நல்லா இருக்கும்?"

நான் சிரிக்கல. அந்தக் குரல்ல சிரிக்கிற மாதிரி எதுவும் இல்ல. "பாத்துச் சொல்றேன் மாமா"ன்னு வச்சுட்டேன்.

பார்த்தேன். இந்தியாவுல புதுசா வாங்குறதுக்கு இருக்கிற கடை சின்னது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனி ஆள் இறக்குமதி பண்றதை 1980-கள்லயே இறுக்கிட்டாங்க. அதனால பழைய வால்தர், பழைய வெப்லி எல்லாம் கைமாறிக் கைமாறி, ஒரிஜினல் விலைக்குச் சம்பந்தமே இல்லாத லட்சங்கள்ல ஓடுது. புதுசுன்னா அரசு தொழிற்சாலைகள்ல செய்றதுதான் பிரதானம். 2021 அக்டோபர்ல அந்தத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனியா பிரிச்சாங்க. அதுல சிறு ஆயுதங்கள் செய்யுற கம்பெனிக்குத் தலைமை இடம் கான்பூர். மாமா உடனே, "நம்ம திருச்சியிலயே துப்பாக்கி ஃபேக்டரி இருக்கே, அங்க போய் வாங்கிக்கலாமே"ன்னார். திருச்சி தொழிற்சாலை 1966-ல வந்தது, அதுவும் இப்போ அதே கம்பெனிக்குக் கீழதான். ஆனா அங்க முக்கியமா செய்யுறது படைகளுக்கான ரைபிள். இடுப்புல சொருகுற சாமான் கான்பூர்லயும் கொல்கத்தா பக்கமும்தான்.

பிஸ்டல்னா முதல்ல வர்ற பேர்: அஷானி. நம்ம பழைய தமிழ்லயும் 'அசனி'ன்னு இருக்கு, இடின்னு அர்த்தம். பேர்ல இருக்கிற இடி சுடும்போது இல்லைன்னு சிலர் கிண்டல் பண்ணுவாங்க. .32, ஏழெட்டுத் தோட்டா, எளிமையான பழைய டிசைன். ரிவால்வர்னா கொஞ்சம் கூடுதல் சாய்ஸ். 2014 ஜனவரியில 'நிர்பீக்'னு ஒண்ணு வந்தது, ஞாபகம் இருக்கா? டெல்லி சம்பவத்துக்கு அப்புறம், பெண்களுக்கான முதல் ரிவால்வர்னு விளம்பரம். அரை கிலோ எடை, டைட்டானியம் கலந்த உலோகம், விலை ஒரு லட்சத்து இருபத்திரெண்டாயிரம் சொச்சம், நகைப்பெட்டி மாதிரி ஒரு அழகான பெட்டியில. ஒரு பெண்ணோட சாவை ஞாபகப்படுத்துற பேரை வச்சு, லட்ச ரூபாய்க்கு ஒரு பொருளை விக்கிறாங்களேன்னு அப்பவே நிறைய பேர் கோபப்பட்டாங்க. எனக்கும் அந்த நகைப்பெட்டி இன்னும் உறுத்துது. அப்புறம் 2023 ஆகஸ்ட்ல 'பிரபல்'. சிலிண்டர் பக்கவாட்டுல திறக்கும், 50 மீட்டர் வரைக்கும் சுடும்னு செய்தி வந்தது. அம்பது மீட்டர்ல முந்திரிக்காட்டு இருட்டுல யாரை அடையாளம் பாத்து சுடப்போறோம்?

இன்னொண்ணு. ரெண்டுமே .32ன்னு சொல்றதால தோட்டாவும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. பிஸ்டலுக்கு வேற, ரிவால்வருக்கு வேற. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போடக்கூடாது.

இப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது? நான் மாமாவோட உடம்பையும் ஊரையும் வச்சுத்தான் யோசிச்சேன், யூடியூப்காரனோட ஜீன்ஸை வச்சு இல்ல.

மாமா கட்டுறது வேட்டி. மேல வெள்ளை அரைக்கை சட்டை, மெலிசு, வெயில்ல நனைஞ்சு ஒட்டிக்கும். உள்ள என்ன இருந்தாலும் அச்சு தெரியும். அமெரிக்காவுல சொல்ற 'இன்சைட் த வெயிஸ்ட்பேண்ட்' ஹோல்ஸ்டர் கெட்டியான பெல்ட்டையும் பேண்டையும் நம்பி செஞ்சது. வேட்டி மடிப்புல அரைக்கிலோ இரும்பு நிக்காது. மாமா பச்சை பெல்ட்டைக் காட்டினார், பர்ஸ் வச்ச அந்த அகலப் பட்டை. பீடிக்கட்டும் செல்போனும் தாங்கும், ஆனா அதுல ஒரு கைத்துப்பாக்கியைச் சொருகினா விசை மூடாம இருக்கும், வண்டி குலுங்கினா நழுவும். நல்ல ஹோல்ஸ்டரோட முதல் வேலை மறைக்கிறது இல்ல, விசையை மூடுறது. ரெண்டாவது வேலை, நாம எடுக்கிற வரைக்கும் அதை அங்கேயே வச்சிருக்கிறது. மறைக்கிறது மூணாவதுதான். ஆக, மாமா பிஸ்டல் வாங்குறதுக்கு முன்னாடி பேண்ட் வாங்கணும். இதைச் சொன்னதும் அத்தை உள்ள இருந்து சிரிச்சாங்க. நாப்பது வருஷமா அவரை பேண்ட் போட வைக்க முடியலையாம்.

தட்டையா இருக்கிறதுல பிஸ்டல்தான் ஜெயிக்கும். ரிவால்வரோட சிலிண்டர் புடைச்சுக்கிட்டு இருக்கும். ஆனா எங்க ஊர்ல இன்னொரு ஆள் இருக்கு: தூசி. சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுல ஒரு மணி நேரம் பைக் ஓட்டிட்டு வந்து முகத்தைத் துடைச்சுப் பாருங்க, துண்டு வெள்ளையா வரும். அதோட வியர்வை. இரும்பை இடுப்போட ஒட்டி வச்சா ஒரு சித்திரை மாசத்துலயே துரு பூக்கும். செமி ஆட்டோமேட்டிக்னா ஒவ்வொரு தடவை சுடும்போதும் மேல இருக்கிற ஸ்லைடு பின்னாடி போய், காலித் தோட்டாவைத் தள்ளி, மேகசின்ல இருந்து அடுத்ததை எடுத்துக்கிட்டு முன்னாடி வரணும். தூசியும் காய்ஞ்ச எண்ணெயும் சேர்ந்தா அங்கதான் மாட்டும். ரிவால்வர்ல ஒரு தோட்டா வெடிக்கலைன்னா விசையை இன்னொரு தடவை இழுத்தா அடுத்தது வரும். வாரா வாரம் பிரிச்சுத் துடைக்கிற ஆளா இருந்தா பிஸ்டல் சரி. மாமா அவரோட வண்டிக்கே ரெண்டு வருஷமா ஆயில் மாத்தல.

அதைவிட முக்கியமானது, எந்த நிலையில வச்சுட்டுப் போறதுங்கிறது. அஷானி மாதிரி சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டலை ரெண்டு விதமா வச்சுக்கலாம். ஒண்ணு, சேம்பர் காலி, தோட்டா மேகசின்ல மட்டும். பாதுகாப்பு. ஆனா சுடணும்னா ரெண்டு கையும் வேணும், ஒண்ணு பிடிக்க, ஒண்ணு ஸ்லைடை இழுக்க. பைக் ஹேண்டிலை யார் பிடிக்கிறது? இன்னொண்ணு, உள்ள தோட்டாவைப் போட்டு, சேஃப்டி லாக் மட்டும் நம்பி வச்சுக்கிறது. தினமும் பயிற்சி இருக்கிறவங்களுக்கே கை நடுங்குற விஷயம். ரிவால்வரோட விசை நீளமா, கனமா இருக்கிறதால தவறி அழுத்துற வாய்ப்பு குறைவு. அதனால என் தீர்ப்பு, கேட்ட கேள்விக்கு நேர் பதில்: சின்ன பிஸ்டல் வேண்டாம், வாங்கினா ரிவால்வர், லேசான விசைக்கு ஆசைப்படாம. துப்பாக்கி ஆர்வலர்கள் இதுக்குச் சண்டைக்கு வருவாங்க, வரட்டும். வருஷத்துக்கு நாலு தடவை ரேஞ்சுக்குப் போற ஆளுக்கும் நாப்பது தடவை போற ஆளுக்கும் ஒரே பதில் கிடையாது.

இதோட நிறுத்தியிருந்தா மாமாவுக்கு சந்தோஷம். ஆனா இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது.

1983-ல அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி போலீஸ்ல டென்னிஸ் டூலர்னு ஒரு பயிற்சியாளர் ஒரு சோதனை பண்ணி எழுதினார். கத்தி வச்சிருக்கிற ஒருத்தர் 21 அடி தூரத்துல இருந்து ஓடி வந்து தொடறதுக்கு சுமாரா ஒன்றரை செகண்ட். இடுப்புல வெளிப்படையா துப்பாக்கி மாட்டியிருக்கிற, பயிற்சி எடுத்த போலீசுக்கே எடுத்துச் சுட அவ்வளவு நேரம் ஆகும். நம்ம ஆளுக்கு? சட்டையைத் தூக்கணும், பட்டனைக் கழட்டணும், எடுக்கணும், தயார் பண்ணணும். அன்னைக்கு அந்த ரோட்டுல மாமாவுக்கும் அவங்களுக்கும் நடுவுல 21 அடி இல்ல, நாலு அடி. நாலு பேர். நான் அவர்கிட்ட கேட்டேன், "மாமா, அன்னைக்கு உங்க இடுப்புல அது இருந்திருந்தா எந்த நிமிஷத்துல எடுத்திருப்பீங்க?" ரொம்ப நேரம் யோசிச்சார். "கீழ விழுந்தப்புறம்தான்டா கை ஃப்ரீயாச்சு"ன்னார். அப்போ அவங்க பையோட திரும்பிப் போயிட்டிருந்தாங்க. முதுகைக் காட்டிட்டுப் போறவனைச் சுட்டா அது தற்காப்பான்னு கோர்ட்டுல வருஷக்கணக்குல வாதாடணும். தற்காப்பு உரிமை முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல 96-ல இருந்து 106 வரைக்கும் இருந்தது, 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 34-ல இருந்து 44 வரைக்கும். எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: தடுக்கிறதுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மேல போகக்கூடாது.

சின்ன பிஸ்டல் மறைச்சு வச்சிருந்து குறி தப்பாம வேலை செஞ்ச கதை தமிழ்நாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன். வாஞ்சிநாதன் கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் செமி ஆட்டோமேட்டிக். கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருந்தார். அரசியலை விட்டுட்டு வெறும் துப்பாக்கிக் கணக்கா மட்டும் பாருங்க: நேரத்தை முடிவு பண்ணினது வாஞ்சி, இடத்தை முடிவு பண்ணினதும் வாஞ்சி. மறைச்சு வச்ச பிஸ்டல், தாக்கப் போறவனுக்குக் கொடுக்கிற வசதியைத் தாக்கப்படுறவனுக்குக் கொடுக்கிறதில்ல. இன்னொரு கதை 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆருக்குக் காதோரம் பாய்ஞ்ச குண்டு, எம்.ஆர். ராதாவுக்கும் காயம். ஒரே அறைக்குள்ள, கைக்கு எட்டுற தூரத்துல சுட்டும் ரெண்டு பேரும் பிழைச்சாங்க. எம்.ஜி.ஆரோட குரல் மட்டும் அதுக்கப்புறம் பழையபடி வரல.

இப்போ அத்தை சொன்னதைச் சொல்லணும். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

கொரோனா சமயத்துல மாமாவுக்கு வியாபாரம் படுத்துடுச்சு. வாங்கி வச்ச சரக்கு நின்னுபோச்சு, வட்டி ஏறுச்சு. ஆள் பேசுறதை நிறுத்திட்டார். சாப்பாட்டை அளைஞ்சிட்டு எழுந்துடுவார். அத்தை ராத்திரியில தூங்காம அவரையே பாத்துட்டு உட்கார்ந்திருப்பாங்களாம். வீட்டுல இருந்த பூச்சி மருந்து டப்பாவைக்கூட தம்பி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிட்டாங்க. அதெல்லாம் எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பிஸ்டல் பேச்சு வந்தப்போ மாமா முன்னாடியே சொன்னாங்க: "அந்த ரெண்டு வருஷம் இது வீட்ல இருந்திருந்தா?"

மாமா ஒண்ணும் சொல்லல. வெளியில போய் மாட்டுக்குத் தண்ணி வச்சார்.

அத்தை எந்த ஆய்வையும் படிச்சதில்ல. ஆனா 2020-ல கலிஃபோர்னியாவுல ரெண்டரைக் கோடிக்கும் மேல ஆட்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்த ஒரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு வந்தது. கைத்துப்பாக்கி வச்சிருக்கிற ஆண்கள், துப்பாக்கியால தன்னைத்தானே சுட்டுக்கிட்டு இறக்கிற வாய்ப்பு மத்த ஆண்களைவிட எட்டு மடங்கு. பெண்கள்ல அது முப்பது மடங்குக்கும் மேல. கெட்ட நேரம் பல பேருக்கு வரும், பல பேருக்குப் போயிடும். அந்த நேரத்துல கைக்கெட்டுற தூரத்துல என்ன இருக்குங்கிறது பெரிய வித்தியாசம். கேக்குற உங்கள்ல யாருக்காவது இப்போ அப்படி ஒரு நேரம்னா, 14416-க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

வீட்டுல ப்ளஸ் ஒன் படிக்கிற பையனும் இருக்கான். பூட்டி வைக்கணும், தோட்டா தனியா வைக்கணும்னு விதி இருக்கு. அந்த வீட்டுல பீரோ சாவி எங்க தொங்குதுன்னு எனக்கே தெரியும்.

லைசன்ஸ் நடைமுறையைச் சீக்கிரம் சொல்லிடறேன். 21 வயசு ஆகியிருக்கணும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், உண்மையான தேவை இருக்குன்னு காட்டுற ஆதாரம். மாமா விஷயத்துல எஃப்ஐஆர் காப்பி இருந்ததால அது வலுவான காரணம்தான். கிடைச்சா அஞ்சு வருஷம் செல்லும், 2019-க்கு முன்னாடி மூணு வருஷமா இருந்தது. எத்தனை தோட்டா வச்சுக்கலாம்னு அதுலயே எண்ணி எழுதிடுவாங்க. எந்த எல்லை வரைக்கும் செல்லும்னும் எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும்னு இருந்தா, கடலூர் தாண்டி பாண்டிச்சேரிக்குள்ள வண்டி நுழைஞ்சா அது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி.

பயிற்சிக்குத் திருச்சி ரைஃபிள் கிளப் பக்கம் விசாரிச்சோம். 2022 ஜூலையில அஜித் போட்டிக்கு வந்து கூட்டம் அலைமோதிச்சே, அதே கிளப்தான். மாமா பையனுக்கு அங்க ஏர் பிஸ்டல் கத்துக்கணும்னு ஆசை. அது நல்ல ஆசை, தனிக் கதை.

கடைசியா மாமாவை உட்கார வச்சது நான் சொன்ன எதுவும் இல்ல, காலண்டர். தேர்தல் அறிவிச்சதும் லைசன்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. நம்ம மாநிலத்துல ஓட்டுப்பதிவு 2019-ல ஏப்ரல் 18, 2021-ல ஏப்ரல் 6, 2024-ல ஏப்ரல் 19. 2024-ல மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 ரிசல்ட். முந்திரி சீசனும் அதேதான். அவர் பணத்தோட அலையுற மாசங்கள்ல துப்பாக்கி ஸ்டேஷன்ல தூங்கும். அதே சமயத்துல அம்பதாயிரத்துக்கு மேல ரொக்கத்துக்குக் கணக்கு காட்டலைன்னா பறக்கும் படை எடுத்துக்கும், திருடன் தனியா வரவேண்டியதில்ல.

"அப்போ வருஷம் பூரா துடைச்சு வச்சு, வேணும்கிற நேரத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டு வரணுமாடா?"ன்னார். தேர்தல் வருஷத்துல அப்படித்தான் மாமான்னேன்.

இந்த சீசன் அவர் மூணு விஷயம் மாத்தியிருக்கார். ஆண்டிமடம் பக்கம் வாங்குறவங்கள்ல பாதிப் பேருக்கு அக்கவுண்ட்லயே பணம் போடுறார், மீதிப் பேர் இன்னும் கையிலதான் கேக்குறாங்க. தனியா போறதில்ல, எடை போடுற பையனையும் லோடு வண்டியையும் கூட கூட்டிட்டு, நாலு மணிக்கெல்லாம் திரும்பிடுறார். விண்ணப்பம் பூர்த்தி பண்ணி, கையெழுத்து போடாம, அத்தையோட அலமாரியில இருக்கு.